தறிக்கு மேனேஜர் கிடையாது: பியுங்-சுல் ஹானை திருபுவனம் பக்கமிருந்து வாசித்தல்

பர்ன்அவுட் பற்றி இணையத்தில் எங்கே பேச்சு வந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பியுங்-சுல் ஹானை இழுத்து வந்துவிடுகிறார். இந்தக் காலத்தில் முதலாளி நம்மைச் சுரண்டத் தேவையில்லை, நாமே நம்மைச் சுரண்டிக்கொள்கிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கேட்டவுடனே மனசில் ஒட்டிக்கொள்கிற வாதம் இது. எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அந்தச் சின்னப் புத்தகத்தை மறுபடி எடுத்து, இந்த முறை அவசரமில்லாமல், குறிப்பெடுத்துக்கொண்டு படித்தேன். படித்துக்கொண்டிருந்தது திருவிடைமருதூரில். நடந்தே போகிற தூரத்தில் திருபுவனம் இருக்கிறது, தறிச் சத்தம் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் புத்தகம் வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் சொல்வது

ஹான் 1959-ல் சியோலில் பிறந்தவர். கொரியாவில் உலோகவியல் படித்துவிட்டு, ஜெர்மனிக்குப் போய்த் தத்துவத்துக்கு மாறினார். ஹைடெக்கர் பற்றி முனைவர் பட்டம் வாங்கினார். 2010-ல் ஜெர்மனில் இந்தப் புத்தகம் வந்தது. மூலத் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால் 'களைப்புச் சமூகம்'. 2015-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதை 'தி பர்ன்அவுட் சொசைட்டி' ஆக்கியது. தலைப்பில் நடந்த இந்த மாற்றம் சின்ன விஷயமில்லை, பின்னால் வருகிறேன்.

வாதம் இப்படிப் போகிறது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நோய் உண்டு. கிருமிகளின் காலம் போய்விட்டது, இது நரம்புகளின் காலம்: மனச்சோர்வு, கவனச்சிதறல், பர்ன்அவுட். மிஷெல் ஃபூக்கோ விவரித்த 'ஒழுங்குச் சமூகம்' சிறை, மருத்துவமனை, படைமுகாம், தொழிற்சாலை என்று சுவர்களால் ஆனது. அதன் மொழி 'செய்யாதே', 'செய்தாக வேண்டும்'. இன்றைக்கு இருப்பது 'சாதனைச் சமூகம்'. அதன் மொழி 'உன்னால் முடியும்'. இதில் தடுக்கிறவரும் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. ஒவ்வொரு ஆளும் தனக்குத்தானே முதலாளி, தனக்குத்தானே கூலி. தன்னோடு தானே போட்டி போட்டு, கடைசியில் தன்னையே எரித்துக்கொள்கிறான். சுதந்திரமும் கட்டாயமும் ஒன்றாகிவிட்டதால் யாரை எதிர்ப்பது என்றே தெரிவதில்லை.

இதற்கு ஹான் வைக்கிற மருந்து ஆழ்ந்த கவனம், சலிப்பைத் தாங்குவது, 'மாட்டேன்' என்று சொல்லும் திராணி. கடைசி அத்தியாயத்தில் பீட்டர் ஹாண்ட்கேயைத் துணைக்கு அழைத்து, களைப்பிலேயே ஒரு நல்ல களைப்பு உண்டு, அது மனிதர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கும் என்கிறார்.

எங்கே அவர் சரி

முதலில் நியாயமாக இருந்துவிடுவோம். களைப்பின் உள்பக்கத்தை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. லீவு எடுத்தால் குற்ற உணர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தால் எதையோ தவறவிட்ட பதைப்பு. யாரும் கேட்காமலே ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் பார்ப்பது. இதெல்லாம் வெறும் மிரட்டலால் வருகிற பழக்கமில்லை. நாமே விரும்பிச் செய்வது போலத்தான் இருக்கிறது.

பர்ன்அவுட்டுக்குத் தமிழில் 'பணிச்சோர்வு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. எங்கள் பக்கம் 'அசதி' வேறு, 'சலிப்பு' வேறு. அறுப்பு முடிந்து வந்தால் அசதி, ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். 'ஓஞ்சு போயிட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அது தூக்கத்தில் தீராதது. 1974-ல் நியூயார்க்கில் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இந்தச் சொல்லை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தபோது, இலவச மருத்துவ மையங்களில் ஆசையோடு வந்து வேலை செய்தவர்களைப் பார்த்துத்தான் எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்தார்: தீராத அசதி, வேலையின் மீதும் மனிதர்கள் மீதும் ஒட்டாமல் போவது, நம்மால் ஒன்றும் உருப்படியாக ஆகவில்லை என்ற நினைப்பு. ஹானின் புத்தகம் இந்த மூன்றாவதை நன்றாகப் பிடித்திருக்கிறது. எல்லாம் முடியும் என்று நம்பியவனுக்குத்தான் எதுவும் முடியவில்லை என்பது இடியாக விழும்.

சரி, அப்போ எங்கே இடிக்குது? காரணம் சொல்கிற இடத்தில்.

குழித்தறியின் சுதந்திரம்

திருபுவனம் திருவிடைமருதூர் தாலுகாவில் இருக்கிற பேரூராட்சி. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலும் பட்டுப்புடவையும்தான் ஊரின் அடையாளம். விசிறி மடிப்புக்குப் பேர்போன திருபுவனம் பட்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் ஊர்.

இங்கே தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தரையில் குழி, குழிக்குள் கால், மேலே ஜக்கார்டு பெட்டி. மேஸ்திரி கிடையாது. சங்கு கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. நினைத்த நேரத்தில் உட்காரலாம், நினைத்த நேரத்தில் எழுந்து டீ குடிக்கப் போகலாம். கல்யாணம், காதுகுத்து என்றால் தறியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பலாம். இன்றைக்கு 'ஃப்ளெக்சிபிள் ஹவர்ஸ்' என்று விளம்பரம் போடுகிறார்களே, அது எங்கள் தாலுகாவில் பாட்டன் காலத்திலேயே இருந்தது.

ஆனால் ஒரு பெரியவரிடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நெய்வீங்க என்று கேட்டபோது அவர் சிரித்தார். "மணிய எதுக்கு தம்பி கேக்குற? பாவு எவ்ளோ மிச்சம்னு கேளு" என்றார்.

இந்த ஒரு பதிலில் ஹானுக்கான விமர்சனம் முழுக்க இருக்கிறது. நெசவாளிக்குக் கூலி நேரத்துக்கு இல்லை, புடவைக்கு. பாவு தீர்ந்தால்தான் காசு. தீபாவளிக்கும் முகூர்த்த மாசத்துக்கும் முன்னால் வேலை குவியும். ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் நெசவு நிற்கும், கூலியும் நிற்கும். அதனால் வெயில் இருக்கும்போது விட்டதைப் பிடிக்க வேண்டும். ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் யாரும் தடை போடவில்லை. தனக்குத்தானே முதலாளி, தனக்குத்தானே கூலி. ஹான் இருபத்தோராம் நூற்றாண்டின் புது மனிதன் என்று வரைந்து காட்டுகிற ஆள், இங்கே முழங்கால் வலியோடு தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, இந்த மனிதன் புதியவனில்லை. அவனை உண்டாக்கியது 'முடியும்' என்கிற வார்த்தையும் இல்லை. கூலி கணக்கிடும் முறை.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நான் இல்லை. 1867-ல் வந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் துண்டுக்கூலி பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. உருப்படிக் கணக்கில் கூலி கொடுத்தால் மேற்பார்வையாளர் தேவையில்லாமல் போகிறார், தன் உடம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வருத்திக்கொள்வது தொழிலாளிக்கே லாபமாகத் தெரிகிறது, கூடவே தான் சுதந்திரமான ஆள் என்கிற உணர்வும் சக தொழிலாளியோடு போட்டியும் வளர்கிறது என்று மார்க்ஸ் அங்கே விளக்குகிறார். ஹானுக்கு 143 வருடம் முன்னால். ஹானின் புத்தகத்திலோ நரம்பு இருக்கிறது, தத்துவம் இருக்கிறது, மெல்வில்லின் பார்ட்டில்பி இருக்கிறார். கூலி பற்றிய பேச்சு இல்லை என்றே சொல்லலாம்.

இன்னொன்று. ஹானின் சுரண்டலில் இருப்பது ஒரே ஒரு ஆள்: 'நான்'. தறி வீட்டில் அந்த 'நான்' ஒரு குடும்பம். நூல் இழைக்கிறது, தார் சுற்றுகிறது, அறுந்த இழையைப் பார்த்துச் சேர்க்கிறது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கூலிச் சீட்டில் அவர்கள் பேர் வராது. புடவைக்குத்தானே கூலி, ஆளுக்கு இல்லையே. ராத்திரி தறி முடிந்தபின் அடுப்படியும் அவர்களுக்குத்தான். தன்னைத்தானே சுரண்டிக்கொள்கிறான் என்று ஹான் எழுதும் இடத்தில், 'தன்' என்ற அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சவுக்கு போனது தானாக இல்லை

ஹானின் கதையில் முதலில் சவுக்கு, பிறகு சுயச் சவுக்கு. ஒரு சமூகம் போய் இன்னொன்று வந்ததாக வரிசை. டெல்டாவில் இந்த வரிசை பொருந்தாது.

அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில், தறி இப்படி ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், வயலில் பண்ணையாள் முறை இருந்தது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள். பொழுது விடியுமுன் போய்ப் பொழுது சாய்ந்தபின் திரும்பும் வேலை. தாமதமாக வந்தால் சவுக்கடி, சாணிப்பால். 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டி, கூலி ஆட்கள் கூட்டமாக நின்ற பிறகுதான் அந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் சங்கத்தில் நின்றதும்தான் அவர்கள் செய்த குற்றம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயலில் சவுக்கும் வீட்டில் தறியும் ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில் இருந்தன. அவை இரண்டு யுகங்கள் இல்லை, வேலை வாங்குவதற்கான இரண்டு வழிகள். காலம் மாறியதால் சவுக்கு மறையவில்லை, ஆட்கள் சேர்ந்து நின்றதால் மறைந்தது. இப்போதெல்லாம் அடிக்கிறவன் யாரும் இல்லையே என்று எழுதும்போது, அடிக்கிற கையைப் பிடித்தவர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். அவர்கள் காணாமல் போனால், இன்றைய களைப்புக்கும் அப்படி யாராவது எதையாவது பிடித்து நிறுத்த முடியும் என்ற நினைப்பும் சேர்ந்தே போய்விடுகிறது.

தன்னாட்சி என்றால் எதன் மேல் ஆட்சி?

என் அக்கா மகள் ஒருத்தி ஐ.டி.யில் இருக்கிறாள். 2020 கொரோனாவில் ஊருக்கு வந்தவள், பெங்களூர் கம்பெனி வேலையை இன்னும் இங்கிருந்துதான் பார்க்கிறாள். ஹானின் வாசகம் ஒன்று அவளுக்கு வாட்ஸப்பில் வந்து, அதை எனக்கு அனுப்பி, "மாமா, இது நான்தான்" என்று எழுதியிருந்தாள். நேரில் கேட்டேன். "என் தப்புதான் மாமா. யாரும் என்னை ராத்திரி உக்காருன்னு சொல்லல. நானேதான் உக்கார்றேன்" என்றாள்.

டீமில் எத்தனை பேர் என்று கேட்டேன். போன வருடம் ஆறு, இப்போது நாலு. முடிக்க வேண்டிய தேதி மாறியதா? இல்லை. வருடக் கடைசியில் ரேட்டிங் எப்படி? இத்தனை பேருக்குத்தான் நல்ல ரேட்டிங் என்று முன்கூட்டியே வரையறை உண்டு. வேறு வேலைக்குப் போகலாமே? மூன்று மாத நோட்டீஸ்.

இதில் 'என் தப்பு' எங்கே இருக்கிறது? ஆறு பேர் வேலையை நாலு பேருக்குப் பிரித்துப் போட்டது ஒரு முடிவு. யாரோ ஒருவர் ஒரு ஷீட்டில் எடுத்த முடிவு. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை என்பது உண்மைதான். சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத மாதிரி கணக்கு போடப்பட்டிருக்கிறது. பாவு எவ்வளவு மிச்சம் என்று கேட்கச் சொன்னாரே பெரியவர், அதே கேள்விதான்.

தன்னாட்சி என்கிற சொல்லை இங்கேதான் பிரித்துப் பார்க்கணும். எப்போது உட்காருவது, எந்த அறையில் உட்காருவது, டீ எப்போது என்பதெல்லாம் நம் கையில். எவ்வளவு வேலை, எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன கூலி என்பது நம் கையில் இல்லை. முதல் வகையை அள்ளிக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பூட்டி வைத்தால், சுதந்திரம் மாதிரியே தோன்றும் ஒன்று கிடைக்கும். ஹான் இதைப் பார்த்துவிட்டு, சுதந்திரம் கூடிப்போனதால் வந்த நோய் என்கிறார். எனக்கு அது அதிகாரம் குறைந்துபோனதால் வந்த நோயாகத் தெரிகிறது.

ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. 1979-ல் ராபர்ட் கராசெக் ஸ்வீடன், அமெரிக்கத் தரவுகளை வைத்து ஒரு மாதிரியை முன்வைத்தார்: வேலையின் நெருக்கடி அதிகமாகவும், வேலை மீது முடிவெடுக்கும் அதிகாரம் குறைவாகவும் இருப்பவர்களுக்குத்தான் அழுத்தம் கடுமை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில், நெஞ்சு நோய் பெரிய அதிகாரிகளை அதிகம் தாக்கும் என்ற பொதுநம்பிக்கை தலைகீழானது. கீழ்நிலை ஊழியர்கள்தான் அதிகம் செத்தார்கள். 1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, வேலை மீது கட்டுப்பாடு இல்லாமையை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. தறிக்குப் பொருந்துவது சமூகவியலாளர் யோஹானஸ் சீகிரிஸ்ட் 1996-ல் சொன்னது: போடுகிற உழைப்புக்கும் திரும்பி வரும் பணம், மரியாதை, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இடையிலான பொருத்தமின்மையே உடம்பைக் கெடுக்கிறது. நெசவாளியிடம் திறமைக்கும் குறைவில்லை, கைச் சுதந்திரத்துக்கும் குறைவில்லை. திரும்பி வருவதில்தான் குறை.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் எழுதியபோது, அதை ஒரு நோய் என்று சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நீண்டகாலமாகச் சரிசெய்யப்படாத அழுத்தத்தின் விளைவு, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் வைத்தது. காரணத்தின் முகவரியாக அவர்கள் எழுதியது வேலையிடத்தை, நரம்பை அல்ல. 2021-ல் அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், நீண்ட வேலை நேரத்தால் 2016-ல் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று இருக்கிறது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் போனால் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறதாம். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்களை வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைச் சொன்னார். இரண்டையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சம்சாரிக்கு என்ன மருந்து?

காரணத்தை மனசுக்குள் வைத்தால் மருந்தும் மனசுக்குள்தான் போகும். ஹானின் மருந்து சும்மா இருத்தல், தியானம், 'மாட்டேன்' என்பது. சும்மா இருப்பதன் பெருமை தமிழுக்கொன்றும் புதிதில்லை, சித்தர் மரபு முழுக்க அதுதான். ஆனால் "சும்மாதான இருக்க, இதச் செஞ்சா என்ன?" என்று வீட்டுப் பெண்ணைக் கேட்பதும் இதே தமிழ்தான். சும்மா இருக்க யாருக்கு வாய்க்கிறது என்கிற கேள்வியை ஹான் தொடவில்லை.

திருவிடைமருதூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு கதை போதும். மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் பட்டினத்தார், மேலக் கோபுரத்தில் பத்திரகிரியார். பட்டினத்தாரிடம் ஒருவர் வந்து பசிக்குது என்கிறார். என்னிடம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேள் என்று அனுப்புகிறார் பட்டினத்தார். பத்திரகிரியார் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர். அவரிடம் மிச்சமிருந்தது ஒரு திருவோடும் கூடவே திரிந்த ஒரு நாயும். அந்த இரண்டும் இருந்ததால் அவர் சம்சாரி. அதைக் கேட்டு ஓட்டை வீசினார், ஓடு நாய் மேல் பட்டு அதுவும் செத்தது.

ஓடும் நாயும் வைத்திருந்தவரே சம்சாரி என்றால், வீட்டுக் கடனும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் வைத்திருக்கிறவரை என்ன சொல்வது? 'மாட்டேன்' என்பது கிழக்குக் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுலபம். ஹான் எழுதுவது துறவிக்கான தத்துவம். அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சம்சாரிகளிடம் கொடுத்து, நீ எரிவது உன்னால்தான் என்றால், களைத்தவனுக்குக் களைப்போடு குற்ற உணர்ச்சியும் சேர்கிறது.

இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்கியல் நிறுவனத்தில் சேர்ந்த நாலே மாதத்தில், கேரளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பெண் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தது. ஒன்றிய அரசு விசாரணை அறிவித்தது. அந்த நாட்களில் சென்னைக்கு அருகே ஒரு கல்லூரி விழாவில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீடும் கல்வி நிறுவனங்களும் கற்றுத்தர வேண்டும் என்ற பொருளில் சொன்னது பெரிய விவாதமானது. இறந்தவரைக் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் தந்தார். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் கேள்வி மிஞ்சுகிறது. ஹானுக்கும் அமைச்சருக்கும் அரசியலில் ஒட்டுறவே கிடையாது. ஆனாலும் இரண்டு பேரின் விரலும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது: ஆளின் உள்ளே. கம்பெனிகள் நடத்தும் மனநல வகுப்பும் மூச்சுப் பயிற்சியும் அதே இடத்துக்குத்தான் போகின்றன. ஆறு பேர் வேலையை நாலு பேருக்குப் பிரித்த ஷீட்டை யாரும் திறப்பதில்லை.

சம்சாரிக்கான மருந்து சட்டம், சங்கம், கணக்கு. கேட்க சுவாரசியம் இல்லாதவை. ஆனால் வேலை செய்திருக்கின்றன. பட்டுப்புடவையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெய்கிறவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகிறது. கும்பகோணம் ஜவுளிக்கடையில் அதை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு நின்று நின்று கால் வீங்குகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், அவர்கள் உட்கார வாய்ப்பு இருக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. எல்லாக் கடையிலும் நடைமுறைக்கு வந்ததா என்று கடைக்குப் போகிற யாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண் இப்போது உட்காரக் கேட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, உரிமை.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. விருப்பப்பட்ட தொழிலாளிக்கு மட்டும்தான், நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். ஹானின் மொழியில் சொன்னால் 'முடியும்' என்கிற மொழி. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வாபஸ் அறிவித்தார். விருப்பம் என்று சட்டத்தில் எழுதினாலும் மேஸ்திரி முன்னால் நிற்கிறவனுக்கு அது விருப்பமாக இருக்காது என்பது சங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

திருபுவனத்திலும் நெசவாளருக்குப் பிடிமானமாக இருந்தது கூட்டுறவு சங்கம்தான். நூலும் ஜரிகையும் சங்கம் தரும், புடவையைச் சங்கம் எடுத்துக்கொள்ளும், கூலியைப் பேசித் தீர்மானிக்கலாம், தீபாவளிக்கு போனஸ் கேட்கலாம். முன்பணம் வாங்கித் தனியார் முதலாளியிடம் மாட்டிக்கொண்டவருக்கு இதில் பாதிகூட இல்லை. சங்கத்திலும் குறை உண்டு, அரசியல் உண்டு, பிள்ளைகள் தறிக்கு வராமல் போவதை அதனால் நிறுத்த முடியவில்லை. ஆனாலும் கூலியைப் பற்றிப் பேச ஒரு மேஜையாவது இருக்கிறது. ஐ.டி.யில் அந்த மேஜையே இன்னும் சரியாகப் போடப்படவில்லை. தொழிலாளர் சட்டங்கள் தங்களுக்கும் பொருந்தும், சங்கம் வைக்கலாம் என்பதுகூட அங்கே பலருக்குத் தெரியாது.

வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017-ல் சட்டமானது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில். இங்கே 2018-ல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. எங்கள் கோயிலில் இன்னொரு வழக்கம் உண்டு. வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டதாம், அதனால் வந்த வழியே வெளியே போகக் கூடாது, வேறு வாசலால் போக வேண்டும் என்பார்கள். பழைய ஆபீஸுக்கும் அப்படி ஒரு வாசல் இருந்தது, வேலை அங்கேயே நின்றுவிடும். லேப்டாப் வீட்டுக்கு வந்த பிறகு, தறி வீடு மாதிரியே, வாசல் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. அந்த வாசலைத் தியானத்தால் கட்ட முடியாது. சட்டத்தால் கட்டலாம்.

என் வாதத்துக்கும் ஒரு எல்லை

எல்லாம் கூலிக் கணக்குதான் என்று முடித்துவிட்டால் நானும் பாதியைத்தான் சொல்கிறவன் ஆவேன். கூலி நன்றாக இருந்து, ஆள் போதுமான அளவு இருந்து, அப்போதும் நிறுத்தத் தெரியாமல் எரிகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள். ஒரு நல்ல நெசவாளி கூலிக்குச் சம்பந்தமே இல்லாமல், கரை சரியாக விழவில்லை என்று பிரித்து மறுபடி நெய்வார். அது சுரண்டல் இல்லை, தொழில் மேல் இருக்கிற மானம். அந்த மானத்தை ஒரு கம்பெனி எப்படித் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஹான் உதவுவார், கராசெக் உதவ மாட்டார். சட்டம் வந்த பிறகும் உட்காரக் கூச்சப்படும் பெண்ணைப் புரிந்துகொள்ளவும் அவர் வேண்டும்.

அதனால் ஹானைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வாசிக்கிற வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பாவு எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை பேர், என்ன தேதி, யார் தீர்மானித்தது, மாட்டேன் என்றால் என்ன இழப்பு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளும் ஒன்றாக இருந்தால் அது உங்கள் மனசின் பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் கழித்த பிறகும் மிச்சம் ஒன்று இருந்தால், அந்த மிச்சத்துக்கு ஹானைப் படிக்கலாம்.

தலைப்பு விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன் என்றேன். ஹான் எழுதியது 'களைப்புச் சமூகம்', விற்றது 'பர்ன்அவுட்'. களைப்பு பலர் சேர்ந்து படக்கூடியது, நடவு முடிந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் மாதிரி. பர்ன்அவுட் தனி ஆளுக்கு வருவது. தன் கடைசி அத்தியாயத்தில் ஹானே அந்தக் கூட்டுக் களைப்பைத்தான் தேடிப் போகிறார். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியாக அவர் காட்டுவது ஹாண்ட்கேயின் கட்டுரையை. எங்கள் ஊரில் அதற்குச் சங்கம் என்று பெயர்.